ஜன்னல் வரிசைக்கு நடத்திய பாடம்

"பாகுபாடு அறியாதவர், முதல் மாணவருக்கும் கடைசி மாணவருக்கும் ஒரே பாடம் நடத்தியவர்" என்கிறது டஸ்டர் சாரின் பணி ஓய்வுப் பாராட்டுப் பத்திரம். எழுதியவர் தலைமையாசிரியர். சாரின் வகுப்பை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே பொய் சொன்னார் என்று குற்றம் சாட்டவும் வழியில்லை.

பாடம் ஒன்றுதான். வரிசைதான் இரண்டு. ஆண்டின் முதல் நாள் சார் கேட்கும் முதல் கேள்வி, "உங்க அப்பா என்ன வேலை பாக்குறாரு?" டாக்டர், வக்கீல், கடை முதலாளி என்றால் ஜன்னல் பக்கம்; காற்று வரும். டிரைவர், கொத்தனார் என்றால் சுவர்ப் பக்கம். ஜன்னல் வரிசையிடம் "ஏன் அப்படி வருது? யோசிச்சு சொல்லு" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக நிற்பார். அந்த நேரத்தில் சுவர் வரிசை மெல்லிய குரலில் வாய்ப்பாடு ஒப்பிக்கும். கரும்பலகை துடைக்கும் டஸ்டர் அடிக்கடி பறக்கும். குறி தவறி ஒருநாளும் ஜன்னல் பக்கம் விழுந்ததில்லை.

இத்தனைக்கும் சார் மூட்டை தூக்கியவரின் மகன். சுவரோரம் உட்கார்ந்து படித்தவர்தான். "நம்ம பிள்ளைங்களுக்கு இது போதும். அதிகம் சொன்னா மண்டை குழம்பிடும்" என்பார். அந்த 'நம்ம'வில் உண்மையான வாஞ்சை இருக்கும்.

ஒரு வருஷம், பெரிய பள்ளிக்கூடம் ஒன்று தன் சிறப்பு வகுப்புக்கு ஒரு பிள்ளையை அனுப்பச் சொன்னது. படிப்பு முடியும்வரை எல்லாச் செலவும் அவர்களுடையது. பலகையில் ஒரு கணக்கைப் போட்டு விளக்குகிற பிள்ளையாக இருக்க வேண்டும். சார் முதலில் அழைத்த மருந்துக்கடைக்காரர் மகன் கணக்கின் பாதியில் நின்று திருதிருவென்று விழித்தான்.

"வேற யாராவது?" சார் ஜன்னல் பக்கம் பார்த்துத்தான் கேட்டார். சுவர்ப் பக்கமிருந்து வெல்டர் மகள் எழுந்து வந்தாள். போட்டாள். ஏன் அப்படி வருகிறது என்றும் சொன்னாள்.

"யாருடி சொல்லிக்கொடுத்தா?"

"நீங்கதான் சார்."

"நான் எப்போ சொன்னேன்?"

"அந்த வரிசைக்குச் சொன்னீங்கள்ல. வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே கேட்டேன்."

வகுப்பே சிரித்தது. சுவர் வரிசை கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது.

"வாய் ஒரு பக்கம், காது ஒரு பக்கமா? கழுதை! போய் உங்கப்பனைக் கூட்டிட்டு வா. கணக்கு அப்படியே இருக்கட்டும், அவரும் பாக்கட்டும்."

பட்டறை எதிர்த்தெருவில். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி ஓடிவந்த வெல்டர், பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"தப்பா போட்டுட்டாளா சார்?"

"சரியாத்தான் போட்டிருக்கா. அதான் பிரச்சினையே. அடுத்தவங்களுக்கு நடத்துனதை ஒட்டுக் கேட்டிருக்கா."

வெல்டர் தன் மகளின் தலையில் ஒரு குட்டு வைத்தார். "மன்னிச்சுக்கங்க சார். இனிமே அந்தப் பக்கம் காது போகாம நான் பாத்துக்கறேன்."

"அப்பா, கணக்கு சரிப்பா."

"வாயை மூடு. சரியா போட்டா பெரிய ஆளா நீ? சார்கிட்ட மன்னிப்பு கேளு."

கேட்டாள். சாருக்கு மனம் இளகிவிட்டது. "விடுங்கண்ணே, நம்ம பிள்ளைதானே."

பிறகு டஸ்டர் சார் அவள் போட்ட கணக்கை அழித்தார். சிறப்பு வகுப்புக்கு மருந்துக்கடைக்காரர் மகனின் பெயரை அனுப்பினார். அவளை டீ வாங்கிவர அனுப்பினார்.