பஸ் கந்தோர் வாசலில் ரயிலுக்குக் கையெழுத்து

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். பாராளுமன்றத்துக்கு வந்த ஒரு சட்டமூலத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசித்த முதல் ஆளும் நான்தான். நெடுந்தூர ரயில் பாதைகளுக்கு ஒதுக்கும் பணம் வருட முடிவில் திரும்பிப் போய்விடுகிறது. வேலை பாதியில் நிற்கிறது. மிச்சத்தை அடுத்த வருடமும் செலவழிக்க விடும் சட்டமூலம் அது. யாழ்ப்பாண ரயில் நின்றுபோயிருப்பதும் இதனால்தான். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் கொழும்பு பஸ் ஏறினால், பாதி வழிகூட வராத முறிகண்டிக்கு முன்னமே சத்தியெடுப்பு. இங்கே கொழும்பில் என் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. அம்மா இன்னும் அவளைத் தூக்கவில்லை.

"வெள்ளவத்தைச் சனம் கேட்டால் நான் எழும்பிக் கதைப்பன். ஒரு தாள் நிறையக் கையெழுத்துக் கொண்டு வாரும்" என்றார் எங்கள் எம்.பி. விவாதம் மறுநாள்.

யாழ்ப்பாணம் போகிற சனம் எங்கே கூடும் என்று யோசித்து, பின்னேரம் வெள்ளவத்தை காலி வீதியில், யாழ்ப்பாண பஸ்ஸுக்கு டிக்கெட் பதியும் கந்தோர் வாசலில் போய் நின்றேன். பஸ் முதலாளி வெளியே வந்தபோதுதான் என் புத்திசாலித்தனம் எனக்கே உறைத்தது.

"என்ன தம்பி, என்ர வாசல்லயே நிண்டு எனக்கு ஆப்பு வைக்கிறீரோ?"

"ஐயோ இல்லை அண்ணை, அம்மாவுக்கு பஸ் ஒத்துவராது..." மகளின் கதையையும் சொன்னேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "என்ர மனிசியும் உப்பிடித்தான். பஸ் முதலாளியின்ர பொஞ்சாதி ரயிலுக்குக் காத்திருக்கிறா எண்டு மச்சான்மார் சிரிக்கிறாங்கள். தாரும் பேனையை."

அவர் கையெழுத்து வைத்ததைக் கண்டு வரிசை வந்தது.

"அடையாள அட்டை நம்பர் போட வேணுமோ?" என்று ஒரு அன்ரி பயந்தா.

"வேண்டாம் அன்ரி, பேரும் கையெழுத்தும் காணும்."

"அப்ப அவருக்கும் சேத்து வைக்கிறன்."

"அவரே வைக்கட்டும் அன்ரி."

"நான் சொன்னா வைப்பார்தானே!" என்று கணவரை இழுத்து வந்தா.

பஸ் வந்தும் தாள் நிறையவில்லை. முதலாளியே என்னை உள்ளே ஏற்றிவிட்டார். நான் சீற் சீற்றாகக் கேட்டுக்கொண்டு போக, பஸ் நகர்ந்துவிட்டது.

"டிக்கெட் இல்லாமல் யாழ்ப்பாணமோ ஐசே?" என்று கொண்டக்டர் கத்த, பஸ்ஸே சிரித்தது.

பம்பலப்பிட்டிச் சிவப்பு விளக்கில் என்னை இறக்கிவிட முன்னர் கடைசி வரியை நிரப்பியவர் சாரதி.

"நானும் ஒருக்கா ரயிலில நித்திரை கொண்டு ஊருக்குப் போவன் தம்பி!"

மறுநாள் எம்.பி. அந்தத் தாளைத் தூக்கிக் காட்டிப் பேசினார். சட்டமூலம் நிறைவேறியது. அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அப்ப நாளைக்கு ரயில் வருமோ?"

"இல்லையம்மா, இனித்தான் பாதை வேலை திரும்பத் தொடங்கும்."

"தொடங்கட்டும். நான் பிள்ளைக்குச் சட்டை தைக்கிறன். ஒரு அளவு பெரிசாத் தைக்கிறன்."