மூன்றே மணி நேரத்தில் வந்த வாந்தி

ஸ்ரீரங்கத்தில் கல்யாணத் தளிகைக்கு என் அத்திம்பேர் சடகோபனை விட்டால் ஆள் கிடையாது. நான் சொல்லவில்லை, அவரே தினம் நாலு தரம் சொல்லுவார். பாயசம் என்று சொன்னால்கூடக் கோபித்துக்கொள்வார். திருக்கண்ணமுது என்று சொல்ல வேண்டும். அவர் சமையலில் குற்றமே கிடையாது. உப்பு கூடினால் அது உப்பின் குற்றம்.

1939 சித்திரையில் உத்தர வீதியில் ஒரு கல்யாணம். விடிகாலையில் திருக்கண்ணமுது காய்ச்சி, ஆறியதும் கைவிட்டுக் குழைய மசித்து மூடி வைத்தார். பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டுப் பரிமாறினார். நான் மூன்று டம்ளர் குடித்தேன், என் புத்தியை என்ன சொல்ல! ஆறு மணிக்குள் சம்பந்தி முதல் நாயனக்காரர் வரை வாந்தி. யாரோ "காலரா!" என்று அலற, பந்தலே காலி.

"பால்தான் கெட்டது!" என்று அத்திம்பேர் அடித்துச் சொல்லிவிட்டார். அந்தப் பாலைக் கொடுத்த பால்காரி ரங்கம்மாவிடம் மறுநாள் ஒரு வீட்டிலும் பால் வாங்கவில்லை. கறந்ததை அப்படியே வாய்க்காலில் கொட்டினாள், பாவம்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் அமிர்தசாமி அத்திம்பேரை விசாரிக்க வந்தார்.

"காலரா இல்லீங்க. அந்தக் கிருமி குடலுக்குள்ள குடியேறித்தான் விஷம் கக்கும்; பெரும்பாலும் ஒரு நாள், ரெண்டு நாள் ஆகும். டைஃபாய்டு கிருமிக்கு விஷம் உடம்போட ஒட்டியிருக்கும், செத்து உடைஞ்சாத்தான் வெளிய வரும். அதுக்கு வாரக்கணக்கு. மூணே மணி நேரத்துல வாந்தின்னா, அண்டாவிலேயே விஷம் தயாரா இருந்திருக்கு."

"கொதிச்சுதே டாக்டர்! கிருமி செத்திருக்குமே!"

"கிருமி செத்துச்சு. அது கக்கின விஷம் கொதிச்சாலும் போகாது. சீழ்ல இருக்கிற கிருமிங்க அது. ஆமா, உங்க நகச்சுத்தியக் கீறி நான் போட்ட கட்டு எங்க?"

அத்திம்பேர் விரலை மேல்துண்டுக்குள் மறைத்தார். ஆஸ்பத்திரித் துணி மடியில்லை, தீட்டு என்று அவிழ்த்துப் போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, சுத்தபத்தமாக அல்லவா அண்டாவில் கைவிட்டார்! கிருமிக்கு மடி, விழுப்பு தெரியுமா? நான் சிரித்தே விட்டேன்.

டாக்டர் போனதும் அத்திம்பேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளியே தெரிஞ்சா வைகாசியில ஒரு கல்யாணமும் நமக்கு வராதுடா. வாயத் திறக்காதே."

ஆனால் அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வீதி நடுவில் நின்று, பந்திக்குக் கூப்பிடும் அதே குரலில் கத்தினார். "பால்ல குத்தமில்லே! என் விரல்தான்!" எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வேகத்தோடு ரங்கம்மா வீட்டுக்கும் போனார், நானும் கூடப் போனேன்.

அவள் காலிக் கொட்டிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சாயங்காலம்தான் மாட்ட வித்தேன், சாமி," என்றாள்.

டாக்டர் வந்துபோனது நேற்றுக் காலையில்.