மணல்மேட்டு நீலப் பூ

காரைக்குடிக் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். தொண்டிப் பக்கத்து மீனவர் ஒருவர் வாராவாரம் பஸ் ஏறி என்னைத் தேடி வருவார். மெலிந்த உடம்பு. ஈரத் துண்டில் வேரோடு ஒரு பூச்செடி இருக்கும். அவர் ஊர் மணல்மேட்டை வெட்டி இறால் பண்ணை போட இருந்தார்கள். அங்கே அரிய செடி இருந்தால் தடுக்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தாராம்.

கடைசியாக நீலப் பூ ஒன்றைக் கொண்டுவந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்.

"விஷ்ணுகிராந்திண்ணே. எல்லா எடத்துலயும் இருக்கும்."

"இன்னொருக்கா பாருங்க சார். நாளைக்கு மிசின் வருது."

மறுபடி பார்த்தேன். அதேதான். அவர் செடியை வாங்கிக்கொண்டார்.

"இதை என்ன செய்யப் போறீக?"

"எடுத்த எடத்துலயே நட்டுருவேன்."

அடுத்த வாரம் அவர் வரவில்லை. கொண்டுவர அங்கே என்ன இருக்கிறது?