மீதி ஒன்று

தனம் இறந்துவிட்டதாகப் புக்கிட் காதில் என்ற ஊரிலிருந்து அவள் மகன் தொலைபேசியில் சொன்னபோது, “பொய் சொல்லாதே” என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். போன வாரம்தான் என்னிடம் பெருமையடித்தாள். பழைய கணினி ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறாளாம். நினைவகத்தை மாற்றி மறுபடி ஓட வைக்கப் போகிறாளாம். பிரித்ததை மூடாமல் போகிறவளா அவள்?

அவளுடைய பிடிவாதம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அது பிழைப்பையே பணயம் வைத்த நாளைப் பார்த்தவள் நான்.

மலாயா சுதந்திரம் பெற்ற ஆண்டு. மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரு ரப்பர் வியாபார அலுவலகத்தில் நாங்கள் இருவரும் எழுத்தர்கள். கணினி என்ற சொல்லே காதில் விழாத காலம். கைப்பிடியைச் சுற்றினால் கூட்டிக் கொடுக்கும் கணக்கு மெஷின்தான் எங்களுக்கு எல்லாம். ஒரு நாள் காலை அது இறுகி நின்றுவிட்டது. அதைப் பழுது பார்த்துவந்த வெள்ளைக்காரரோ ஊருக்குக் கப்பலேறியிருந்தார். தான் திறந்து பார்க்கட்டுமா என்று தனம் கேட்டாள்.

“தொறந்துக்கோ. கெட்டுப்போச்சுன்னா நாளையிலேர்ந்து வராதே,” என்றார் தலைமை எழுத்தரான பெரிய கிராணியார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

“காத்தாடிய அடை, ராஜி!” என்பதுதான் அவள் முதல் உத்தரவு. மின்விசிறி ஓடினால் பொடிப் பொடி ஸ்பிரிங்குகள் பறந்துவிடுமாம். அலுவலகமே வியர்வையில் ஊறிக்கொண்டு அவளைத் திட்டியது. கழற்றிய திருகாணிகளை ஒரு பிஸ்கட் டின் மூடியில் வரிசையாக வைத்தாள். மாலையில் மெஷின் ஓடியது. கிராணியார் நாலைந்து எண்களைக் கூட்டிப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார்.

தனம் மட்டும் டின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீதி ஒண்ணு,” என்றாள், பள்ளிக்கூடத்தில் கூட்டல் சொல்வதுபோல.

“வேலை செய்யுதுலா. விடுடி!” என்றேன்.

“மீதிய வெச்சுக்கிட்டு மூடக் கூடாது.”

மெஷினில் எல்லா இலக்கத்திலும் ஒன்பது வைத்து ஒன்றைக் கூட்டினாள். எல்லாம் சுழியமாக வேண்டும். நடுவில் ஓர் ஒன்பதும் அதற்கு இடப்பக்கத்து ஒன்பதுகளும் அசையாமல் நின்றன. மீதி ஒன்றை அடுத்த இடத்துக்குத் தள்ளும் நெம்புகோலைப் பிடித்திருக்க வேண்டிய திருகாணிதான் மூடியில் கிடந்தது. கிராணியாரின் சிரிப்பு வற்றிவிட்டது. அவளோ முகத்தைத் துடைத்துக்கொண்டு முழு மெஷினையும் மறுபடி பிரித்தாள். இந்த முறை மூடி காலி. ஒன்பதுகள் எல்லாம் சுழியமாயின.

“நாளைக்கு நேரத்தோட வா,” என்றார் கிராணியார்.

பிறகு மெஷின்கள் போய்க் கணினிகள் வந்தன. அவற்றையும் அதே டின் மூடியை வைத்துக்கொண்டு பிரித்தாள். என் வீட்டு ரேடியோகூடத் தப்பவில்லை. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாவு வீட்டில் அந்தக் கணினி மேசைமேல் திறந்தபடி கிடந்தது. “பழசு, ஆண்ட்டி. தூக்கிப் போட்டுடலாம்,” என்றான் மகன். “தொடாதே!” என்று நான் போட்ட சத்தத்தில் ஒப்பாரியே நின்றுபோனது.

கணினியையும் டின் மூடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். எனக்குப் பாதி தெரியாது. தெரிந்தவர்களைக் கேட்பேன், தப்பாகப் பூட்டினால் மறுபடி கழற்றுவேன். அந்த அலுவலகத்தின் இருவரில் இப்போது மீதி நான்தான். காத்தாடியை அடைத்துவிட்டேன், தனம். உன் மூடியில் ஒன்றும் மிஞ்சாது.