ரோவல் ரோட்டில் ஒரு சனியும் ஞாயிறும்

சவரிராஜும் உர்சுலாவும் சிங்கப்பூர் ரோவல் ரோட்டில் அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்தபோது மகன் ஜோனத்தன் தவழ்ந்துகொண்டிருந்தான். சவரிராஜுக்கு ஜூரோங் கப்பல் பட்டறையில் பாரந்தூக்கி ஓட்டும் வேலை. விடிவதற்கு முன் கம்பெனி லாரியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். ஏழாம் மாடியில் அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதே அவருக்கு வெகுநாள் தெரியாது. உர்சுலாவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் அப்துல் அலீமும் அவர் மனைவி சம்சுன்னிசாவும். டன்லப் தெருவில் அவர்களுக்கு மளிகைக் கடை. தாத்தா காலத்தில் கடையநல்லூரிலிருந்து வந்து போட்ட கடை அது. கணவன் மனைவி இருவருமே கடையில் நின்றாக வேண்டும் என்பதால், அவர்களுடைய மகள் ஆஸ்மா கைக்குழந்தையாக இருந்தபோதே உர்சுலாவின் இடுப்புக்கு மாறிவிட்டாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகும் பையை இங்கேதான் போடுவாள். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் திறந்து பார்ப்பாள்.

அந்தப் பெண்ணுக்காகவே உர்சுலா வீட்டில் பன்றிக்கறி சமைப்பதை நிறுத்தினாள். கோழியைத் தேக்கா சந்தையில் முஸ்லிம் கடையில்தான் வாங்குவாள். கிறிஸ்மஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தால், "என் புள்ள சாப்பிடாதத என் அடுப்புல ஏத்த மாட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

மின்தூக்கிக்குப் பக்கத்து வீடு மேடம் கோவுடையது. சீனப் பாட்டி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார், அவ்வளவு சுறுசுறுப்பு. வானம் கறுத்ததும் நடைபாதையில் நின்றுகொண்டு "ஹூஜான்! ஹூஜான்!" என்று மலாயில் கத்துவார். மழை வருகிறதென்று அதற்கு அர்த்தம். உடனே எல்லாச் சன்னல்களிலும் கைகள் முளைத்துத் துணி காய்கிற மூங்கில் கழிகளை உள்ளே இழுக்கும். வீட்டில் ஆள் இல்லாதவர்களின் துணிகளையும் யாராவது எடுத்து மடித்து வைத்திருப்பார்கள். கதவுகள் பகலெல்லாம் திறந்தேதான் கிடக்கும். இரும்புக் கேட்டுக்குள்ளிருந்து வரும் வாசனையை வைத்தே இன்று யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடலாம்.

இதெல்லாம் சவரிராஜுக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் கண்ணில் பட்டது. "இவரு இப்பத்தான் இந்தப் புளோக்குக்குக் குடிவந்திருக்காரு" என்று உர்சுலா எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

ஆஸ்மாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பூன் லேயில் இருந்த ஒரு மலாய்க் குடும்பத்துப் பையன். புளோக்கின் அடியில் வீடுகளில்லாமல் திறந்து கிடக்கும் கீழ்த்தளத்தை, எல்லாரும் வாய்ட் டெக் என்று சொல்லும் இடத்தை, சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பதிவு செய்திருந்தார் அப்துல் அலீம். சனிக்கிழமை சமையல், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மலாய்க் கல்யாணங்களில் மாப்பிள்ளையை அழைத்து வரும்போது பையன்கள் கொம்பாங் அடித்துக்கொண்டு வருவார்கள். அந்த மேளச் சத்தம் கீழே கேட்டாலே உர்சுலா கரண்டியும் கையுமாக ஓடிவந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்வாள். யார் வீட்டுக் கல்யாணம் என்றெல்லாம் பார்க்க மாட்டாள். "ஆஸ்மா கல்யாணத்துக்கு நான் மேல நிக்க மாட்டேன். மாப்பிள்ள கூடவே நடந்து வரப் போறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை சாயங்காலம் உர்சுலா சமையலறையில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்சில் சவரிராஜோடு ஏறியது சம்சுன்னிசாதான். காலில் செருப்பில்லை; தலைத்துணியைக்கூட வண்டியில் உட்கார்ந்துதான் சரிசெய்துகொண்டாள். மறுநாள் விடியற்காலையில் உர்சுலா போய்விட்டாள்.

ஜோனத்தன் அழுதுகொண்டே ஆகவேண்டியதைக் கவனித்தான். "டாடி, ஃபியூனரல் பார்லர் ஒண்ணு புக் பண்ணிடலாம். ஏர்கான் இருக்கு, வர்றவங்களுக்கும் ஈஸி."

"வேணாம். அவ வீட்டுக்குக் கீழதான்" என்றார் சவரிராஜ். சொன்ன பிறகுதான் கீழ்த்தளத்தைக் கல்யாணத்துக்குப் பதிவு செய்திருந்தது நினைவுக்கு வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அப்துல் அலீம் உள்ளே வந்தார்.

"அண்ணே, வாய்ட் டெக் அக்காவுக்குத்தான். நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்."

"இனிமே எங்க பாய் கெடைக்கும்? அறுநூறு பேரக் கூப்பிட்டிருக்கீங்க."

"கெடைக்கலேன்னா வீட்டுல நிக்காஹ முடிச்சுக்கிறோம் லா. அதுக்கென்ன?"

ஜொகூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்து தங்கியிருந்த அப்துல் அலீமின் பெரியம்மா, சாவு விழுந்த இடத்தில் கல்யாணப் பந்தலா, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று கூடத்தில் குரல் உயர்த்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. அதற்குச் சம்சுன்னிசா சொன்ன பதிலும் கேட்டது. "எம் பொண்ணுக்குச் சோறு ஊட்டின கை பெரியம்மா அது. அவங்களுக்கு எடமில்லாத எடத்துல எங்களுக்கு என்ன கல்யாணம்?"

கடைசியில் வழி சொன்னவளும் சம்சுன்னிசாதான். கீழ்த்தளம் நீளமானது. மின்தூக்கிப் பக்கம் உர்சுலாவுக்கு. கார் நிறுத்துமிடத்துப் பக்கம் வெங்காயம் உரிக்க, இஞ்சி பூண்டு தட்ட. சனிக்கிழமை மத்தியானம் சவப்பெட்டி கோயிலுக்குப் போன பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பது.

அப்படியே நடந்தது. ஒரு பக்கம் ஜெபமாலை சொல்லும் குரல்கள் எழுந்து தாழ்ந்தன. மறுபக்கம் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்து, வெங்காயம் உரித்தார்கள். யார் எதற்காகக் கண்ணைத் துடைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. மேடம் கோ இரண்டு பக்கத்துக்கும் பார்லி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெட்டியை மூடும் முன் ஆஸ்மா இறங்கி வந்தாள். கல்யாணப் பெண் வரக்கூடாது என்று பெரியம்மா தடுத்தும் கேட்கவில்லை. மருதாணி காயாத கையை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, நெற்றியை மட்டும் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். "ஆன்ட்டி" என்றாள். பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவர் அப்துல் அலீம். லூர்து மாதா கோயிலில் பூசை முடிந்து, மண்டாய் தகனச்சாலைக்குப் போய், சவரிராஜ் வீடு திரும்பியபோது கீழே துக்கத்துக்குக் கட்டியிருந்த வெள்ளைத் துணி இல்லை. அதை அவிழ்த்த அதே ஆட்கள் இப்போது ஏணியில் நின்று மஞ்சள் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர் கீழே இறங்கப் போனார். "கட்டுங்க, கட்டுங்க" என்று கையைக் காட்டிவிட்டு சவரிராஜ் மின்தூக்கிக்குள் போனார்.

மறுநாள் காலை பிரியாணி வாசனை ஏழாம் மாடிவரை வந்தது. ஜோனத்தன் சோபாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். சவரிராஜ் உர்சுலா நிற்கும் இடத்தில் போய் நின்றார். மாப்பிள்ளையின் கார் வந்தது. பையன்கள் வேனிலிருந்து இறங்கினார்கள். ஆனால் கொம்பாங்குகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோலச் சத்தமில்லாமல் நடந்தார்கள். அவருக்குச் சட்டென்று புரிந்தது.

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கூட்டம் அவருக்கு வழிவிட்டது.

"ஏன் பாய் மேளம் அடிக்கல?"

அப்துல் அலீம் தலையைக் குனிந்துகொண்டார். "எப்படிண்ணே? நேத்துத்தானே அக்காவ..."

"அவ என்ன சொன்னா தெரியுமா உங்களுக்கு? மாப்பிள்ள கூடவே நடந்து வருவேன்னு சொன்னா. இப்படி ஊமையா கூட்டிட்டுப் போனா எங்கிட்டதான் சண்டைக்கு வருவா." குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டு பையன்களைப் பார்த்து மலாயில், "அடிங்கப்பா, நல்லா அடிங்க" என்றார்.

பையன்கள் அப்துல் அலீமைப் பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார். முதல் அடி விழுந்ததும் மேலே ஒவ்வொரு மாடியிலும் தலைகள் எட்டிப் பார்த்தன. சவரிராஜ் மாப்பிள்ளையின் பக்கத்தில் நடந்தார். பந்தல் வாசல்வரை அழுதுகொண்டேதான் நடந்தார். அவரைத் தேற்ற யாரும் வரவில்லை. அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு சில வருடங்கள் அவர் அங்கேயே தனியாக இருந்தார். தனியாக என்று சொல்வதுகூடச் சரியில்லை. காலையில் கதவு திறக்கத் தாமதமானால் மேடம் கோ கேட்டைத் தட்டுவார். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சி வாளியோடு வந்துவிடும். பிறகு முழங்கால் இரண்டும் மக்கர் செய்தன. ஜோனத்தனுக்கும் கல்யாணமாகிச் செங்காங்கில் புது வீடு கிடைத்திருந்தது. "டாடி, இனிமே தனியா வேணாம்" என்று ஒரே பிடிவாதமாக அழைத்துப்போனான்.

செங்காங்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. விசாலமான பூங்கா, வாசலிலேயே ரயில். மின்தூக்கியில் பார்க்கிறவர்கள் நன்றாகச் சிரிக்கிறார்கள், காலை வணக்கம் சொல்கிறார்கள். ஆனால் அங்கே உர்சுலா என்று ஒருத்தி இருந்ததே யாருக்கும் தெரியாது. "என் மனைவி இறந்துட்டாங்க" என்று சொன்னால், "ஓ, சாரி அங்கிள்" என்கிறார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ரோவல் ரோட்டிலோ யாரும் அவள் இறந்ததைப் பற்றிப் பேசுவதில்லை. அவள் மீன்காரரோடு போட்ட சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் லூர்து மாதா கோயிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் அவருடைய கால்கள், வலியையும் மறந்து, பழைய புளோக்கை நோக்கி நடக்கின்றன.

போன மாதம் மருமகள் ஜோவன்னாவும் கூட வந்தாள். அவள் உர்சுலாவைப் படத்தில் மட்டுமே பார்த்தவள். கீழ்த்தளத்துக் கல்மேசையில் சம்சுன்னிசாவும் மேடம் கோவும் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் கோ அவளை ஏற இறங்கப் பார்த்து, "உர்சுலா மருமகளா?" என்று மலாயில் கேட்டார். சவரிராஜின் மருமகளா என்று கேட்கவில்லை.

"இந்தப் பொண்ணுக்கு அக்கா லிஃப்ட்ல மாட்டின கத தெரியுமாண்ணே?" என்று தொடங்கினாள் சம்சுன்னிசா. "லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. ஆள் வர்ற வரைக்கும் அக்கா உள்ள மாதா பாட்டா பாடித் தள்ளிட்டாங்க. வெளிய நாங்க அத்தன பேரும் ஒக்காந்து கேட்டோம். கதவு தெறந்ததும் என்ன சொன்னாங்க தெரியுமா? 'இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு, மூடுங்க'ன்னாங்க!"

ஜோவன்னா சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த தேநீர் தளும்பியது. மேடம் கோவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எந்தக் கதை என்று புரிந்துகொண்டு அவரும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அந்தக் கதையை ஜோவன்னாதான் கணவனுக்குச் சொன்னாள். கையில் பிசைந்த சோற்றோடு ஜோனத்தன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மம்மி பண்ணின இது எனக்கே தெரியாதே டாடி" என்றான்.

"நீ அப்ப நேஷனல் சர்வீஸுக்கு ஆர்மில இருந்த" என்றார் சவரிராஜ்.