வலது கதவில் ஒரு பெயர்

கேக் சுடும் அலுமினியத் தட்டு ஒன்றில் பழைய எஞ்சின் எண்ணெயை அரைவாசிக்கு ஊற்றி, அதை மடியில் ஏந்தியபடி நான் காரின் முன்னாசனத்தில் இருந்தேன். எஸ்பியர்க் துறைமுகத்தின் பின்புறத்தில், மீன் பெட்டிகள் அகற்றப்பட்டு வெறுமையாய்க் கிடந்த சீமெந்துத் தரையில், கார் இடப்பக்கமாகவே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. ஓட்டியவர் நான் வேலை பார்த்த கராஜின் முதலாளி. டென்மார்க்கில் பட்டறை முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்காமல் ‘மேஸ்டர்’ என்பார்கள். நானும் கடைசிவரை அப்படித்தான் அழைத்தேன். வேகம் கூடக்கூடத் தட்டின் இடது பாதி வெளிறி உலர்ந்து, எண்ணெய் முழுவதும் வலது விளிம்பில் சுவர்போல் எழுந்து நின்றது. பின்னர் அது விளிம்பைத் தாண்டி என் காற்சட்டையிலும் கதவிலும் வழிந்தது. மேஸ்டர் காரை நிறுத்தினார். முதலில் சிரித்தார். பிறகு தட்டையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “எஞ்சினுக்குள்ளும் இப்படித்தானா?” என்று கேட்டார். இப்படித்தான் என்றேன்.

அவரிடம் வெள்ளி நிறத்தில், தரையோடு ஒட்டிய ஒரு ஜெர்மானியக் கார் இருந்தது. வீதியில் ஓடுவதற்காக ஆக்கப்பட்ட கார்களில் அது வேகமானது. எல்லையைக் கடந்து ஜெர்மனியின் பெருந்தெருவில் அதை முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டியிருக்கிறார். அது ஒருநாளும் முனகியதில்லை. ஊருக்கு வெளியே, காற்று ஓயாத புல்வெளியில் இருந்த முட்டை வடிவப் பந்தயப் பாதையில், வீதிக் கார்களுக்கு மட்டுமான ஆறு மணி நேர ஓட்டம் ஒன்றை உள்ளூர் மோட்டார்க் கழகம் அறிவித்தபோது, தம்முடைய கார் அதைத் தாங்குமா என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. எனக்கு எழுந்தது. டென்மார்க்குக்கு வருமுன் ஊரில் நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்தவன். நேராக ஓடும் வேகம் வேறு, ஓயாமல் ஒரே பக்கம் திரும்பும் வேகம் வேறு என்று அவருக்குச் சொன்னேன். வீதியில் வளைவுக்குப் பின் ஒரு நேர்ப்பாதை வரும். இடப்பக்கம் திரும்பிய கார் பிறகு வலப்பக்கமும் திரும்பும். எண்ணெய் மீண்டும் நடுவுக்கு வந்து சேரும். முட்டைப் பாதையில் அந்த மன்னிப்புக் கிடையாது. எண்ணெய் ஒரு பக்கம் ஏறி நிற்க, அதை உறிஞ்சும் குழாய் காற்றைக் குடிக்கும். சுமையெல்லாம் வலப்புறச் சக்கரங்களில் விழும். இதை டேனிஷில் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. அதனால்தான் கேக் தட்டு. அன்றிலிருந்து அவர் என்னை ‘இன்ஜினியர்’ என்று அழைக்கத் தொடங்கினார்.

அது, யுத்தத்துக்குத் தப்பி வந்த தமிழர்கள் நாங்கள் எல்லோரும் காத்திருந்த காலம். எங்களில் பலர் மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க விண்ணப்பித்துவிட்டு, பதில் வராமல் இருந்தோம். அமைச்சின் மேலிடத்தில் அந்த விண்ணப்பங்களை வேண்டுமென்றே தொடாமல் வைத்திருந்தார்கள் என்பதும், அதன் பொருட்டு ஓர் அரசாங்கமே விலக நேரும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வாசகம். அதை நான் ஊருக்கு எழுதினேன், மறுபடியும் எழுதினேன். ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவன் பொய்யனாகத் தோன்றுவான். மனைவியின் தமையன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “மச்சான், கோவிக்காதையும். பக்கத்து வீட்டுக்காரன்ர மனுசி வெளிநாட்டிலை அவனிட்டைப் போய்ச் சேந்திட்டுது. இஞ்சை சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. அங்கை வேற ஆரும் இருக்கினமோ?” இல்லை என்றேன். அதற்கு மேல் எதையும் நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. குற்றம் செய்யாதவனுக்கும் தலைகுனிவு வரும் என்பதை நான் அங்குதான் அறிந்தேன்.

கராஜில் மதிய உணவு வேளையில் மேஸ்டர் என்னிடம் தவறாமல் கேட்பார்: “அவள் வந்துவிட்டாளா?” விண்ணப்பத்தின் டேனிஷைத் திருத்தித் தந்தவர் அவர்தான். அமைச்சுக்குத் தாமே தொலைபேசியில் பேசியும் பார்த்தார். அவருக்கும் அதே வாசகம்தான் கிடைத்தது. அந்த நாட்களில் நான் எஞ்சினின் எண்ணெய்த் தட்டைக் கழற்றி, அதனுள் குறுக்குத் தடுப்புகள் வைத்து உருக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஓடிப் போகாமல் உறிஞ்சு குழாயைச் சுற்றியே நிற்பதற்காக அந்தத் தடுப்புகள். ஒரு காலை நான் வேலைக்குப் போனபோது, காரின் கதவுகளில் கறுப்பு நிறத்தில் பெரிய எழுத்துகள் காய்ந்துகொண்டிருந்தன. இடது கதவில் மேஸ்டரின் மனைவியின் பெயர். வலது கதவில் என் மனைவியின் பெயர்.

அங்கே பந்தயம் ஓடுகிறவர்கள் தமக்குப் பிரியமானவர்களின் பெயரைக் கதவில் எழுதுவது வழக்கமாம். தூரிகையைக் கழுவியபடி அவர் அதைச் சொன்னார். ஒரு பரிசைக் கையளித்தவரின் முகம் அவருக்கு. நான் நன்றி சொன்னதாக நினைவு. ஆனால் என் கண்ணில் பட்டது வேறொன்று. கார் இடப்பக்கமாகத்தான் சுற்றும். வலது கதவுதான் எந்நேரமும் சனத்தைப் பார்த்திருக்கும். எங்கள் வீட்டுப் பெண்ணொருத்தியின் பெயரை, பியர்ப் போத்தலும் கையுமாய் நிற்கும் ஆண்கள் சுற்றுக்குச் சுற்று உரத்து வாசிப்பார்கள். நான் ஊரிலேயே அவளைப் பிறர் முன்னிலையில் பெயர் சொல்லி அழைத்தவன் அல்லன்.

செய்தி எனக்கு முன்னே நாங்கள் கூட்டாக வசித்த வீட்டுக்குப் போயிருந்தது. மீன் தொழிற்சாலைக்குப் போகும் வழியில் எங்களில் ஒருவன் கதவைக் கண்டிருக்கிறான். அன்று மாலை சோற்றுக் கோப்பையோடு நான் இருந்தபோது அவன் தொடங்கினான். “அண்ணை, அக்காவுக்கு விசா கிடைக்காட்டிலும் ரேசில ஓட இடம் கிடைச்சிட்டுதாம்.” இன்னொருவன் விடவில்லை. “ஓமடா. அண்ணை கடிதம் எழுதிக் களைச்சுப்போனார். இனி அக்கா தானே ஓடி வரட்டும் எண்டு விட்டிட்டார்.” எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட பிள்ளைகள் அல்லர். அவர்களுக்கும் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் மேஸ்டரிடம், எங்கள் வழக்கத்தில் இது பொருந்தாது, அழித்துவிட முடியுமா என்று கேட்டேன். அவர் கழுத்துவரை சிவந்தார். “எனக்குத் தெரியாது, இன்ஜினியர். மன்னித்துக்கொள்” என்றார். மீண்டும் வர்ணம் பூச நேரமில்லை. வெள்ளி நிறத்தில் அகலமான ஒட்டுநாடாவை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தாமே மூடினார்.

பந்தயத்தன்று மேற்குக் காற்று மணலை அள்ளி வந்தது. மேஸ்டரும் கராஜின் தலைமை மெக்கானிக்கும் முறைவைத்து ஓட்டினார்கள். எரிபொருள் நிரப்ப கார் உள்ளே வரும்போதெல்லாம் நான் எண்ணெய் அளவையும் டயர்களையும் பார்த்தேன். எங்களைவிட விலை கூடிய, வேகம் கூடிய கார்கள் தொடக்கத்தில் எங்களை ஏளனமாய்த் தாண்டிப் போயின. இரண்டு மணி நேரம் ஆவதற்குள் அவற்றில் ஒன்று வளைவின் நடுவே நீலப் புகையோடு நின்றது, பிறகு இன்னொன்று. தொட்டி நிறைய எண்ணெய் இருக்க, எண்ணெய் இல்லாமல் இறந்த எஞ்சின்கள் அவை. எங்களுடைய காரின் எண்ணெய் அழுத்தமுள் வளைவில் சற்றே நடுங்கி, மீண்டும் தன் இடத்தில் நின்றது என்று மேஸ்டர் வந்து சொன்னார். என் தடுப்புகள் வேலை செய்தன. எனக்கு ஆசிரியனாய் இருந்த நாட்களின் பெருமிதம் சற்றுத் திரும்பி வந்தது.

தாங்காமல் போனது ஒட்டுநாடாதான். சூடும் மணலும் அதிர்வும் சேர்ந்து அதன் ஓரத்தைக் கிளப்பின. முதலில் கடைசி எழுத்து வெளியே வந்தது. அடுத்த சுற்றில் இன்னும் இரண்டு. வேலியோரம் நின்றவர்களுக்கு அது ஒரு விளையாட்டாயிற்று. இன்னும் என்ன எழுத்து வரப்போகிறது என்று சத்தமிட்டு ஊகித்தார்கள். முழுப் பெயரும் தெரிந்தபோது கைதட்டினார்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கார் அந்த வளைவுக்கு வரும்போது, அறிமுகமில்லாத ஆண்களும் பெண்களும் என் மனைவியின் பெயரைத் தங்கள் நாவுக்கு வந்தபடி கூவினார்கள். நான் எண்ணெய்த் தகரங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். நிலத்தைப் பார்த்தபடி நின்றேன் என்பது தவிர அந்த நேரத்தைப் பற்றி எனக்கு அதிகம் நினைவில்லை.

ஐந்தாவது மணி நேரத்தில் வலது முன்சக்கரத்தின் பேரிங் நொறுங்கிற்று. கார் சத்தமிட்டபடி எங்கள் இடத்துக்கு வந்து நின்றது. நாங்கள் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து வந்த ஒரு பெண் கதவைச் சுட்டி, இது யார் என்று கேட்டாள். நான் ஸ்பானரை விட்டுத் தலை நிமிரவில்லை. மேஸ்டர் என்னைப் பார்த்தார். என் அனுமதியைத்தான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு, அது இன்ஜினியரின் மனைவி என்றும், யுத்தத்துக்குள் பிள்ளையோடு இருக்கிறாள் என்றும், அவள் வரக் கூடாதென்று யாரோ கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றும் சொன்னார். கிரீஸ் படிந்த கையை மார்பில் துடைத்தார். “ஆட்சியில் இருப்பவர்களுக்குத்தான் நான் வாக்களித்தேன். வெட்கமாயிருக்கிறது என்று எழுது.” அவள் எழுதிக்கொண்டாள். நான் புதிய பேரிங்கைத் தட்டிப் பொருத்தினேன். ஒரு பரந்த முதுகு என் முன்னால் நின்று, என்னுடைய அவமானத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு நான் ஒரு சொல்லாலும் துணை நிற்கவில்லை. கார் ஓட்டத்தை முடித்தது. கடைசிக்கு முந்திய இடம். ஆறு மணி நேரம் தாங்குமா என்ற கேள்விக்கு, கவனித்துப் பார்த்துக்கொண்டால் தாங்கும் என்பதே விடை.

பத்திரிகைச் செய்தியால் எதுவும் நடக்கவில்லை. நெடுங்காலத்துக்குப் பின், உண்மைகள் வெளிவரத் தொடங்கிய பிறகுதான் எங்களுக்கு அனுமதி வந்தது. மகள் என்னை அடையாளம் காணாமல் தாயின் பின்னால் ஒளிந்தாள். அந்த வாரமே மேஸ்டரும் அவருடைய மனைவியும் எங்களைக் கோப்பிக்கு அழைத்தார்கள். மேஸ்டர் பந்தயக் கதையைச் சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். பெயர் எழுதியதைச் சொன்னேன். நாடாவைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டேன். ஆனால் மேஸ்டர் நடித்துக் காட்டுகிறவர். மேசை விளிம்பில் விரலை வைத்து ஒட்டினார். பிறகு எழுத்தெழுத்தாய் உரித்து, வேலியோரத்துச் சனம்போல் என் மனைவியின் பெயரைக் கூவினார். அவள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

திரும்பும்போது பேருந்தில் மகள் என் மனைவியின் மடியில் உறங்கிவிட்டாள்.

“மூடினது ஆர்?” என்று மனைவி கேட்டாள்.

“மேஸ்டர்தான். நான் மூடச் சொன்னனான்.”

“ஏன்?”

“கண்ட நிண்ட ஆம்பிளையள் எல்லாம் உம்மட பேரை வாசிப்பினம் எண்டு.”

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கோபமில்லாத குரலில் சொன்னாள். “அங்கை சனம் எனக்கு முன்னாலயே கதைச்சது, உங்களுக்கு இஞ்சை வேற ஆள் எண்டு. நானும் சில நாளிலை நம்பினனான். அந்த நேரம், என்ர பேரோட ஒரு கார் ஓடினது எண்டு நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம்.”

அவள் அதை மீண்டும் எடுத்ததில்லை. அதன் பின் நாங்கள் நெடுங்காலம் நன்றாகவே வாழ்ந்தோம்.

மேஸ்டர் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சென்ற இலையுதிர் காலத்தில் அவளும் போனாள். வைத்தியசாலையிலும் தேவாலயத்திலும் மற்றவர்களே அவள் பெயரைச் சொன்னார்கள். நான் எங்கும் ‘என் மனைவி’ என்றே சொல்லி ஒதுங்கிக்கொண்டேன். மேலே எழுதியதைத் திரும்ப வாசித்தபோது, இதிலும் அப்படியே செய்திருப்பதைக் கண்டேன். அவளுடைய பெயர் புஷ்பராணி.