பால் கணக்குப் புத்தகத்தைக் கண்டெடுத்தவர்

செவ்வாய்க்கிழமை காலை, தாசேக் கெலுகோரில் மகள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் செய்தி வந்தது. அம்மா மைமூன் காலமாகிவிட்டார், நண்பகல் லொஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவருடைய மகன் எழுதியிருந்தார். மூன்று முறை படித்தேன். தீவுக்குப் போகும் பாலத்தில் நெரிசல். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். ஆவணக் காப்பகத்தில் பத்தொன்பது வருடம் ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்தோம். கடைசியாக முகம் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இறைச்சி குத்திச் சுடும் அந்தச் சாத்தே குச்சியாகத்தான் இருக்கும். முனையை மழுக்கி, ஈரத்தில் ஒட்டிப்போன கணக்குத் தாள்களை அதை வைத்தே பிரிப்பார். அலுவலகம் வாங்கித் தந்த வெளிநாட்டுக் கத்தி பெட்டியிலேயே துருப்பிடித்தது. "கத்திக்குக் கோவம் வரும் அண்ணே, குச்சிக்கு வராது" என்பார். எந்தப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்துதான் புரட்டுவார். "முன்னாடி மொதலாளிக்காக எழுதுவாங்க. பின்னாடி தனக்காக எழுதுவாங்க லா."

நான் வேறு மாதிரி. யாழ்ப்பாணத்திலிருந்து தோட்டத்துக் கணக்குக் கிராணியாக வந்தவரின் பேரன். கணக்கு ரத்தத்தில் ஊறியது என்று வாய் ஓயாமல் பெருமையடிப்பேன். எங்கள் வீட்டில் ஒரு கட்டாயம் உண்டு. கணக்கில் பிழை வந்தால் சுரண்டக் கூடாது, மை பூசி மறைக்கக் கூடாது. சிவப்பில் ஒரே ஒரு கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கும்படி இருக்க வேண்டும். இதை மைமூனிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டுவார்.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியபோது, அதன் பழைய புத்தகங்கள் ஒரு லாரி நிறைய எங்களிடம் வந்தன. வைக்க இடமில்லை. வேண்டாதவற்றைக் கழிக்கும் பட்டியலைப் போட்டவன் நான். அதில் ஒரு வரி, ஆயாக் கொட்டகைப் பால் கணக்கு. தாய்மார் ரப்பர் மரம் சீவப் போனபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகை அது. எந்தப் பிள்ளைக்கு எத்தனை கிளாஸ் பால் என்று கிராணி எழுதியிருந்தார். பிள்ளையின் பெயர் இல்லை. காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் தாயைக் கூப்பிடும் எண் மட்டும்.

"இதப் போட்றாதீங்க அண்ணே" என்றார் மைமூன்.

"பேரே இல்லாத புத்தகத்த யாரு தேடி வரப்போறா?"

"கிராணி வீட்டுப் புள்ளைக்கு நம்பர் மட்டுந்தான் தெரியுது. பால் குடிச்சது நம்பரா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்த வீம்பிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து நிபோங் திபாலிலிருந்து ராஜம்மா என்றொருவர் வந்தார். அறுபதை நெருங்கும் வயதில் கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. ஓட்டுப் போட்டதில்லை. பேரப்பிள்ளைகளோடு எல்லை தாண்டி ஹாட்யாய் போக பாஸ்போர்ட் கிடையாது. "நாடு மெர்டேக்கா ஆன அடுத்த வருசம் இங்கதான் சார் பொறந்தேன். பொறந்த சூராட் இல்லைங்கிறாங்க. அம்மா பேரு அஞ்சலை. நம்பர் நூத்திப் பதினேழு. அது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

பெரட்டுப் புத்தகத்தில் நூற்றுப் பதினேழு, அஞ்சலை என்று இருந்தது. பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கையை விரித்தேன். மைமூன் எழுந்து, தன் மேசையின் அடி இழுப்பறையிலிருந்து பாத்தேக் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து விரித்தார். பால் கணக்கு. பின்பக்கத்தைத் திருப்பினார். யாருக்கு எப்போது பால் தொடங்க வேண்டும் என்று தன் நினைவுக்காகக் கிராணி குறித்துவைத்திருந்தார்: 117, பெண், லயத்து வீட்டில் பிறந்தது, அரை கிளாஸ். பக்கத்திலேயே தேதி.

ராஜம்மா அந்த எண்ணின்மேல் விரலை வைத்து வரியோடு நகர்த்தினார். பிறகு கேட்டார்: "எனக்கு அரை கிளாஸ்தான் குடுத்தாங்களா?"

"அப்ப அரை. நாலு மாசத்துல ஒண்ணாக்கிட்டாரு, இந்தா பாருங்க" என்றார் மைமூன். மூவரும் சிரித்தோம். கண் துடைத்துக்கொண்டது ராஜம்மா மட்டுமல்ல.

அன்று மாலை புத்தகத்துக்கான பதிவு அட்டையை மைமூன் எழுதினார். 'கண்டெடுத்தவர்' என்ற இடத்தில் என் பெயர். ஏன் என்றேன். "கழிவுப் பட்டியல்ல உங்க கையெழுத்து இருக்கு. நாளைக்கு யாராச்சும் பட்டியலையும் புத்தகத்தையும் பாத்தா உங்களத்தான் புடிப்பாங்க. நீங்களே கண்டெடுத்ததா இருந்தா கேள்வி வராது. இருக்கட்டும் அண்ணே." வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஒன்றரை வருட அலைச்சலுக்குப் பிறகு ராஜம்மாவுக்குக் குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தபோது, மேலதிகாரி கூட்டத்தில் என் கையைக் குலுக்கினார். எதிரே மைமூன் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை அந்தப் பெருமையைச் சுமந்தேன். வெட்கக்கேடு.

அடக்கத்துக்குப் பிறகு மைமூன் வீட்டுக்குப் போனேன். வாசலில் ராஜம்மா நின்றிருந்தார். "அம்மா, அந்தப் புத்தகத்தக் காப்பாத்துனது நான் இல்ல. நான் தூக்கிப்போடச் சொன்னவன். மைமூன்தான்" என்றேன்.

"தெரியும் சார். அவங்க இழுப்பறைலேருந்து எடுத்தப்ப நானுந்தானே பக்கத்துல இருந்தேன்." அதோடு இதையும் சொன்னார்: "அக்காகிட்ட ஒருநாள் கேட்டேன். விடுங்க, அண்ணன் அவரே ஒருநாள் சொல்லுவாருன்னாங்க."

மைமூன் நம்பி இத்தனை வருடம் காத்திருக்கிறார். நான் சொன்னபோது கேட்க அவர் இல்லை. இதைவிடப் பெரிய வருத்தம் எனக்கு வேறு வரப்போவதில்லை.

அவருடைய மகன் கொடுத்த சாத்தே குச்சி என் சட்டைப் பையில் இருக்கிறது. மறுநாள் காப்பகத்துக்குப் போய், இப்போதுள்ள அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லி அந்த அட்டையைக் கேட்டு வாங்கினேன். சிவப்பு மையில் ஒரே ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் மைமூன் என்று எழுதினேன். கோட்டுக்கு அடியில் என் பெயரை இன்னும் படிக்க முடிகிறது.